ஏழு மணி வினிகர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடமாக உதவியாளர். முதல் வருடத்துப் பிள்ளைகள் ‘ஆசிட் அண்ணன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளும் இன்றைக்கு அப்படியேதான் கூப்பிடுகிறார்கள். தலை பஞ்சாய் நரைத்த பிறகும் மனிதர் அண்ணனிலிருந்து சித்தப்பாவாகப் பதவி உயர்வு பெறவில்லை.

நைட்ரிக் அமிலம் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் மஞ்சள் பூத்திருக்கும். அடர் கந்தக அமில ஜாடியைப் பால் பாத்திரம் போலத் தூக்கிக்கொண்டு நடப்பார். நீர்த்த அமிலத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது ஓரடி பின்வாங்கினால் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. இருந்தாலும் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். ஆய்வகத்தில் உள்ள எதையும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தவன் காதைத் திருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மனைவி போய் மூன்று வருடம். வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர் படுப்பார். இன்னொன்றில் துணி காயும். ஒரே மகள், கடல் தாண்டி ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. மனைவி இருந்தவரை மகள் போன் செய்தால் இவர் எடுத்து, “சாப்பிட்டியாம்மா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பார். அத்தனை வருடமும் அவர் மகளோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். மனைவி போன பிறகும் போன் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்டார். கொடுக்கத்தான் ஆளில்லை. வாரம் ஒரு முறை வந்த அழைப்பு மெல்ல மாதம் ஒரு முறை ஆயிற்று. அவராக அழைத்ததில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் பயம், என்ன பேசுவது?

அந்த நேரத்தில்தான் சர்க்கரை வந்தது. வியாதி வந்து சந்தோஷப்பட்ட மனிதர் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மகள் எங்கெங்கோ படித்துவிட்டு ஆப்பிள் சிடர் வினிகர் வாங்கி அனுப்பினாள். மாத்திரையை விடக் கூடாது, அதோடு ஒரு ஸ்பூன் வினிகரைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோவில் வருவேன், என் கண் முன்னால் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். அவர் ஆறரைக்கே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

நாலாம் நாள் சீசாவின் லேபிளைப் படித்தார். அசிட்டிக் அமிலம், ஐந்து சதவீதம். ஆய்வகத்தில் இதில்தான் கை கழுவுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீரே சேர்க்காமல் அரை டம்ளர் ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டார். மகள் பதறினாள். “இதெல்லாம் ஒரு அமிலமாம்மா?” என்று மீசையைத் துடைத்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வருடமாக அந்தச் சிரிப்பு அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து தினமும் அரை டம்ளர்தான்.

இரண்டு மாதத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. மகள் கை தட்டினாள். இவரோ வேறு கணக்குப் போட்டார். முழுசாக இறங்கிவிட்டால் ஏழு மணி என்ன ஆகும்? ஆனால் இறங்கியது சர்க்கரை மட்டுமில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசியது, தொண்டை எரிந்தது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்தது. மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லுவாள். நிறுத்தினால் போனும் நின்றுவிடும். ஒரு நாள் காய்ச்சி வடித்த நீர்க் கேனைத் தூக்கும்போது கால்கள் துணி போலத் துவண்டு, பியூரெட் கண்ணாடிக் குழாய்களின் தாங்கிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மாவும் ஒரு காலத்தில் அவரிடம் பியூரெட்டை உடைத்துத் திட்டு வாங்கியவள்தான். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள்.

“எங்களையெல்லாம் எதையும் வாயில வைக்காதேன்னு காதைத் திருகினீங்களேண்ணே. நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

பிறகு பொறுமையாக விளக்கினாள். வினிகர் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். ஆனால் அது சின்ன உதவிதான், மருந்து ஆகாது. ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, சாப்பாட்டோடு குடித்து, வாயைக் கொப்பளிப்பது வேறு. அப்படியே அரை டம்ளர் குடிப்பது வேறு. அது பல்லின் மேற்பூச்சை அரிக்கும், தொண்டையைப் புண்ணாக்கும். அவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றும். வினிகரும் சேர்ந்து அதை இன்னும் கீழே இறக்கிவிட்டது. அதனால்தான் கால் துவண்டது, விட்டிருந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகியிருக்கும். இன்றோடு நிறுத்துங்கள் என்றாள்.

அவர் நிறுத்தினார். வினிகரைத்தான் நிறுத்தினார். மறுநாள் காலை பால் சேர்க்காத டீயை ஆறவைத்து, வடிகட்டி, நிறம் சரியாக வரும்வரை தண்ணீர் சேர்த்தார். கரைசல்களை நிறம் பார்த்தே கலந்த கை அல்லவா, அச்சு அசலாக வந்தது. அதைக் காலி வினிகர் சீசாவில் ஊற்றினார். ஏழு மணிக்கு அரை டம்ளர் குடித்து, பழையபடி முகத்தைச் சுளித்துக் காட்டினார். நாலு மாதம் இந்த நாடகம் ஓடியது. கால் தேறியது, தொண்டை ஆறியது. மகள் தன் சிநேகிதிகளிடமெல்லாம் எங்கப்பா அரை டம்ளர் குடிக்கிறார் என்று பெருமையடித்தாள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், வெட்கம் கெட்ட பெருமை.

ஒரு நாள் காலை திரையில் வந்த மகளின் முகம் வெளிறிக் கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. கையில் ஒரு டம்ளர், அதில் கலங்கிய பழுப்பு.

மூன்று வாரமாக அவளும் குடிக்கிறாளாம். வெறும் வயிற்றில், தண்ணீர் சேர்க்காமல், அப்பாவைப் போலவே அரை டம்ளர். அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாளாம். நெஞ்சு எரிகிறது, நேற்று இரண்டு முறை வாந்தி. ஆனாலும் விடப்போவதில்லை.

“உங்களுக்கு ஆறு மாசமா ஒண்ணுமே ஆகலையேப்பா. எனக்கும் போகப் போகப் பழகிடும்ல?”

சொல்லிக்கொண்டே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“கீழ வை,” என்றார். ஆய்வகத்தில் கத்துகிற குரலில். அவள் கை அப்படியே நின்றது.

எல்லாவற்றையும் சொன்னார். பல்லை, தொண்டையை, கேனோடு கீழே உட்கார்ந்ததை, டாக்டரம்மா சொன்னதை. கடைசியாக, நாலு மாதமாகக் குடித்தது டீ என்பதையும். இன்றைக்கே மருத்துவரைப் பார், இனி ஒரு சொட்டுத் தொடாதே என்றார்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் ஏறுவதை அவர் பார்த்தார்.

“ஏம்ப்பா என்னை ஏமாத்தினீங்க?”

இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

“நிறுத்திட்டேன்னு சொன்னா நீ கூப்பிட மாட்டியேன்னு பயமா இருந்துச்சும்மா.”

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைத்தாலும் நியாயம்தான் என்று தோன்றியது. அவளோ முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“எனக்கும் உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியலப்பா. அதான் தினமும் வினிகரைப் பத்தியே கேட்டேன்.”