மீமிசல் திட்டுப் பூச்சியின் வயிறு

1959 பிப்ரவரி. வியாழன், காலை 6.10.

திருச்சி ஜங்ஷனில் எங்கள் மூட்டைகள் ஐந்து. மைக்ராஸ்கோப் பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, காஸ்டிக் பொட்டாஷ் புட்டி, ஒரு வெள்ளைக் குடை, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. என் வீட்டுக்காரர் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டிருந்தோம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான இவருக்கு மூன்று நாள் லீவு கிடைப்பது லேசில்லை. "பொம்பள தனியா கடலுக்குள்ள போறதாவது" என்று சொல்லித்தான் வந்தார். நான் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தனியாகப் போயிருப்பேன். ஆனால் அவர் வந்தால் பெட்டியைத் தூக்க ஆள் ஆச்சு என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

எதற்காகப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை அங்குலம்கூட இல்லாத ஒரு சாம்பல் அந்துப்பூச்சிக்காக. அந்தப் பேரினத்தின் பூச்சிகள் சின்னச் சின்னத் தீவுகளில் மட்டும் வாழ்கின்றன. ஒரு தீவுக்கு ஒரு இனம் என்று சொல்லும்படி பிரிந்து கிடக்கின்றன. ராமேஸ்வரத்தில் ஒன்று உண்டு, அது தெரிந்த விஷயம். போன டிசம்பரில் மீமிசல் கடலோரத்தில் ஒரு சேற்றுத் திட்டில் எனக்கு ஒரே ஒரு ஆண் பூச்சி கிடைத்தது. அறுத்துப் பார்த்தேன், புதிய இனம் என்று எழுதினேன், கல்கத்தாவில் ஒரு பத்திரிகை அச்சிட ஒப்புக்கொண்டது. அப்புறம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம். ஒற்றைப் பூச்சியை நம்பி ஒரு இனத்தை எப்படி ஏற்பது, மாதக் கடைசிக்குள் இன்னும் சில ஆண்களைப் பார்த்து உறுதி சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பொறுப்பில் அச்சுக்குப் போகும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். எங்கள் துறைத் தலைவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பயணம் என்றாலும் தப்பில்லை.

காலை 8.30. புதுக்கோட்டை.

ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஜட்கா. அறந்தாங்கி இருபது மைல், டிக்கெட் எண்பது நயா பைசா. பஸ்ஸில் பக்கத்திலிருந்த வெற்றிலை வியாபாரி பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஆர்மோனியமா என்று கேட்டார். இல்லை, பூச்சி பார்க்கிற கருவி என்றதும் நெல்லுப் பூச்சிக்கு மருந்து இருக்குதாங்க என்றார். நான் பார்ப்பது நெல்லைத் தின்னாத பூச்சி என்றேன். நெல்லைத் தின்னாத பூச்சியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவர் அறந்தாங்கி வரை யோசித்துக்கொண்டே வந்தார். பாவம், அவர் கேட்டதில் தப்பில்லை.

அறந்தாங்கியில் பஸ் மாறி ஒன்பது மைல் போனால் ஆவுடையார்கோவில். தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் வந்துவிட்டோம் என்று இவர் ஆபீஸ் குரலில் அறிவித்தார். அங்கே இவருடைய அக்கா வீட்டில் ஜாகை. என் நாத்தனாருக்கு நான் வந்ததில் சந்தோஷம், பொட்டாஷ் புட்டி வந்ததில் சந்தோஷமில்லை. பூச்சியின் வயிற்றைக் கொதிக்க வைப்பேன் என்று கேட்டதும், அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது. மாடு மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

வெள்ளி, காலை 5.45. மீமிசல்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினோம். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. டிசம்பரில் எனக்கு வத்தை ஓட்டிய காதர் பாய் அடையாளம் கண்டுகொண்டு, வாங்க டீச்சரம்மா, இந்தத் தடவை மழை இல்ல என்று கூப்பிட்டார். வத்தை என்பது நாலு பேர் உட்காரும் சின்னப் படகு. திட்டுக்குப் போய் வரக் கூலி மூன்று ரூபாய். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி ஏறினார்.

காதர் பாய்க்கு அரட்டையில்லாமல் துடுப்பு ஓடாது. போன தடவை எடுத்துப் போனீங்களே, அது புதுசா பழசா என்று கேட்டார். இறக்கையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், இறக்கையை நம்பக் கூடாது என்று விளக்கினேன். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் பெண்ணைப் பிடித்துக்கொள்ள இரண்டு கவ்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் வேறு. வயிற்றை மட்டும் தனியே எடுத்துப் பொட்டாஷில் கொதிக்க வைத்தால் சதை கரைந்து அந்தக் கவ்வி மட்டும் கண்ணாடி போல நிற்கும். ராமேஸ்வரத்துப் பூச்சிக்குக் கவ்வி முனை கரண்டி போல மழுங்கியிருக்கும். என் திட்டுப் பூச்சிக்கு மூன்று முள். பேர், ஊர், குலம் எல்லாம் அந்தக் கடைசி நுனியில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் சட்டை என்று சொன்னேன். வகுப்பில்கூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

இவர் திடீரென்று நிமிர்ந்து, வயித்துலயா எல்லாம் இருக்கு என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு திட்டு வரும்வரை மறுபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்க்காமல் அப்படியே வைத்திருந்தார்.

காலை 7.20. திட்டு.

திட்டு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளவாக்கில் முந்நூறு அடி நடக்கலாம், அதிலும் பாதி முழங்கால் சேறு. மேட்டில் உமரிச் செடிகள், நடுவில் நாலைந்து கண்டல் மரம், ஓயாத காற்று. பூச்சிகள் பகலில் உமரியின் அடித்தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். குடையைக் கவிழ்த்துச் செடிக்குக் கீழே பிடித்து, குச்சியால் தட்ட வேண்டும். வெள்ளைத் துணியில் விழுந்ததைக் கண்ணாடிக் குழாயால் மூட வேண்டும். இவர் குடை பிடித்தார், நான் தட்டினேன். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது ஆண், ஏழு பெண். டிசம்பர் மழையில் ஒன்றுக்குத் தவம் கிடந்த எனக்குக் கை கால் ஓடவில்லை.

பெண் பூச்சிகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இறக்கை பாதிதான் இருக்கிறது, பறக்க முடியாமல் துணியில் தத்தித் தத்திப் போகிறது. காதர் பாய் குனிந்து பார்த்தார்.

"பறந்தா காத்து கடல்ல கொண்டுபோய்ப் போட்டுரும்ல. அதான் றெக்கையக் கொறச்சுக்கிருச்சு" என்றார்.

தீவுப் பூச்சிகளைப் பற்றி நான் படித்த பக்கங்களெல்லாம் சொன்னது அதைத்தான். ஆனால் படித்தபோது எனக்குத் தலையில் ஏறியது, அன்று காற்றில் நின்றபோதுதான் மனதில் ஏறியது. கோடானுகோடி முறை பறந்தவையெல்லாம் தண்ணீரில் விழுந்து போக, உட்கார்ந்தவை மட்டும் பிழைத்து, பிள்ளை பெற்று, இந்த முந்நூறு அடியை ஊராக்கிக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச நேரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

பிற்பகல் 2.00. ஆவுடையார்கோவில், கொல்லைப்புறம்.

முதல் ஆணின் வயிற்றைக் கொதிக்க வைத்து, கழுவி, லென்ஸுக்கு அடியில் வைத்தேன். கவ்வி மழுங்கியிருந்தது. ராமேஸ்வரத்துக் கரண்டி. சரி, ஒன்று அப்படி இருக்கலாம், காற்றில் அடித்து வந்திருக்கும் என்று இரண்டாவதை வைத்தேன். கரண்டி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் கரண்டி. மூன்று முள் எங்கேயும் இல்லை. ஆறாவதை அவசரமாக எடுத்தேன், அதன் வயிறு உடைந்துபோனது.

இவர் மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. நான் நிமிர்ந்ததும் கேட்டார்.

"முள்ளு இல்லையா?"

"இல்லீங்க."

"டிசம்பர்ல ஒன் மேஜையத் தொடைக்கும்போது பூச்சிப் பெட்டி கை தவறி விழுந்துருச்சு. ரெண்டு பூச்சி வயிறு இல்லாமக் கெடந்துச்சு. வயிறு ஒண்ணுதான் ஆப்புட்டுச்சு. நல்லா இருந்த பூச்சியில கோந்து தொட்டு ஒட்டி வச்சுட்டேன். ஒடஞ்சத குப்பையில போட்டேன். ஒனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவேன்னு சொல்லல."

எங்கள் வீட்டில் உடைந்த எதையும் இவர் விட்டு வைத்ததில்லை. கடிகாரம், குடைக்கம்பி, பிள்ளையார் பொம்மையின் தும்பிக்கை எல்லாம் இவர் ஒட்டியதுதான். பூச்சியை மட்டும் விட்டுவைப்பாரா? காய்ந்த அந்துப்பூச்சியின் வயிறு தொட்டாலே உதிரும் என்று நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் திட்டுப் பூச்சியோடு, குன்றாண்டார்கோவில் பாறைச் சுவரில் எடுத்த சாம்பல் பூச்சி ஒன்றும் இருந்தது. அது காணாமல் போனபோது எறும்பு இழுத்துப் போய்விட்டது என்று எறும்பைத் திட்டினேன். பாறைப் பூச்சியின் வயிறு திட்டுப் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு என் புதிய இனமாகிவிட்டது. உலகத்தில் அப்படியொரு பிராணி கிடையாது. இவர் கோந்துதான் அதைப் பெற்றது.

ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தேன். எட்டு வருஷம் வீடும் வகுப்புமாக ஓடி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு லென்ஸைப் பார்த்துச் சேர்த்த ஒரே ஒரு பெயர் அது. கண்ணில் நீர் முட்டியது, மாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கோபத்துக்கு ஆள் கிடைத்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

மாலை 5.30.

நாத்தனார் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். இவர் பத்தடி பின்னால் வந்தார். இங்கே மண்டபத்துக் கொடுங்கைகளைப் பார்க்கத் தூர தேசத்திலிருந்து வருகிறார்கள். கூரை ஓரத்துக் கல்லில் மரச் சட்டங்களும் அவற்றை இறுக்கிய ஆணிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மரம் என்றே கண் நம்பும். நான் கழுத்து வலிக்க நின்று சட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். எல்லாம் ஒரே கல், ஒட்டே இல்லை. நாத்தனார் பிரசாதம் வாங்கி எங்கள் இருவருக்கும் பங்கு வைத்தார். நான் தின்றேன், இவர் மடித்து வைத்துக்கொண்டார்.

சனி, காலை 9.15. அறந்தாங்கி.

தந்தி ஆபீஸில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். ஸ்பெசிமனில் பழுது, புதிய இனம் இல்லை, கட்டுரையை அச்சிட வேண்டாம், கடிதம் வருகிறது. இவர் எட்டிப் பார்த்து, என்னால் என்று போடு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று கெஞ்சினார். பெட்டியைப் பாருங்க என்று மட்டும் சொன்னேன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிற்பகல் 3.40. புதுக்கோட்டை ஸ்டேஷன்.

வண்டி நாற்பது நிமிஷம் லேட். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியருக்குப் போக வேண்டிய கடிதத்தை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 'என் கணவர் அறியாமல் வேறொரு பூச்சியின் வயிற்றை ஒட்டிவிட்டார்' என்ற வாக்கியம் சுலபமாக வந்தது. படிக்கவும் நன்றாக இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. பழைய குறிப்புகளைப் புரட்டினேன். டிசம்பரில் அந்த ஆணை அறுப்பதற்கு முன் எழுதிய பக்கத்தில், இடுப்பில் பளபளப்பான வளையம், உலர்ந்த உடற்சாறாக இருக்கலாம் என்று என் கையெழுத்தில் இருந்தது. மறந்துபோனதாக நானே எனக்குச் சொல்லி வைத்திருந்த வரி. உண்மையில் மறக்கவில்லை.

இவர் தூக்கில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ளாமல் சொன்னேன்.

"அந்தக் கோந்தை நான் அன்னிக்கே பாத்தேங்க."

"பாத்தியா?"

"வளையமாப் பளபளன்னு தெரிஞ்சுச்சு. தோண்டிப் பாத்தா புதுசு இல்லன்னு ஆயிருமோன்னு பாக்காம விட்டுட்டேன்."

அவர் தண்ணீரை மரத்தடியில் கொட்டினார். ரெண்டு நாளா ஒரு வாய்ச் சோறு தொண்டையில இறங்கல என்றார், அவ்வளவுதான். தெரியும் என்றேன். அவர் சாப்பிடாமல் கிடப்பது தெரிந்துதான் கண்டுகொள்ளாமல் விட்டேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

வண்டி வந்தது. எல்லா மூட்டையையும் அவரே ஏற்றினார், மைக்ராஸ்கோப்பை என் மடியில் வைத்தார், எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்தார். அது நியாயம்தான். என் நோட்டில் இப்போது இரண்டு வாக்கியம் இருந்தது. அவர் ஒட்டினார், நான் பார்த்தேன். சரிக்குச் சரி என்று நினைத்தேன். குன்றாண்டார்கோவில் பாறையில் அந்த மூன்று முள் பூச்சி இன்னும் உட்கார்ந்திருக்கலாம், அதுதான் உண்மையில் புதியதாகவும் இருக்கலாம். அதைத் தேடிப் போகும் உரிமை இந்தக் கடிதத்தை எழுதி முடித்தால்தான் வரும் என்று தோன்றியது.

திருச்சி ஜங்ஷன் விளக்குகள் தெரிந்ததும் அவர் கை நீட்டி நோட்டைக் கேட்டார். படித்தார். பேனாவையும் கேட்டு வாங்கி, முதல் வாக்கியத்தை ஆபீஸில் அடிப்பதுபோல நேர் கோடு போட்டு அடித்தார்.

"யாரு ஒட்டுனாங்கிறது அந்த ஆளுக்கு எதுக்கு? அது நம்ம வீட்டு விஷயம். யாரு பாத்துட்டு விட்டாங்கிறத மட்டும் எழுது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படியே எழுதி அனுப்பினேன்.