மின் ஒழுக்கு என்று எழுதமாட்டேன்

யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் வருமான வரிக் கோப்பு வைத்திருந்தவர்கள் குறைவு. எனக்கு இருந்தது. மண்டூர்ப் பக்கத்து நெல் ஆலை எனக்குச் சீதனமாக வந்தது. அதனால் கோப்பும் என் பெயரில். கணவர் ஆசிரியர், அவருடைய சம்பளத்துக்கு வரியில்லை. வருஷக் கணக்கைக் காட்டும் வரி விபரத்திரட்டைக் கொடுக்கக் கார்த்திகைக் கடைசிவரை தவணை உண்டு. ஆனால் கார்த்திகை மழையில் வாவியைக் கடக்கும் மிதவை, நாங்கள் பாதை என்று சொல்வது, ஓடுமோ ஓடாதோ. ஆகவே நான் சித்திரையிலேயே கணக்கை முடித்துவிடுவேன்.

அந்த வருஷம் முடியவில்லை. மாசியில், அறுவடை நெல் வந்து குவிந்திருந்த நேரம், ஆலையின் மேல் ஷெல் விழுந்தது. நெல்லும் கூரையும் எஞ்சினும் எரிந்தன. நான் தேநீர் குடிக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இன்றைக்கும் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தால் முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன்.

நட்டத்தைக் காட்டினால் காரணமும் எழுதவேண்டும். களுவாஞ்சிக்குடியில் என் கணக்காளர் பேனையைத் திறந்தார்.

“மின் ஒழுக்கு என்டு போடுவம் அக்கா.”

“எங்கட ஊர்ல கரண்டே இல்லையே தம்பி. மில் ஓடினது டீசல்ல.”

“கொழும்பில இருக்கிறவனுக்கு அது தெரியுமா?”

“தெரியாட்டி நான் சொல்லிக் குடுக்கிறன். ஷெல் என்டு எழுதுங்க.”

பேனையை மூடினார். “ஷெல் என்டா ஆர் அடிச்ச என்டு கேப்பாங்க. உங்கட மகள் ரியூசனுக்கு ஆமிச் சென்றியைத் தாண்டித்தான் போய் வாறா. அதையும் யோசிங்க.”

அதை மட்டும்தான் யோசித்தேன். ஆகஸ்டில் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. துறையடிக் காவலரணில் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்தாலே பிள்ளைகளை ஒதுக்கி நிறுத்துவார்கள். பரீட்சை முடியட்டும், அவளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு உள்ளதை எழுதிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன்.

பரீட்சை முடிந்தது. பெட்டியைக் கட்டச் சொன்னேன். ரிசல்ட் வரட்டும் என்றாள். புரட்டாசி போனது. ஐப்பசி போனது. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. தவணையும் முடியப்போகிறது, பிள்ளையும் போகிறாளில்லை.

“மின் ஒழுக்கு என்டே போட்டு முடிப்பம்,” என்றேன் அவளிடம். சொல்லும்போதே வாய் கூசியது.

“ஒழுக்கா? நம்மட வீட்டுக் கூரைதான் ஒழுகுது அம்மா.” சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “என்னைச் சாட்டிப் பொய் எழுதாதீங்க. நாளைக்கே குடுப்பம். நானும் வாறன்.”

வேண்டாம் என்றேன். காலையில் எனக்கு முதல் குடையோடு வாசலில் நின்றாள்.

காவலரணில் சிப்பாய் பையைக் கிளறி வரிக் கோப்பை எடுத்தான். “மொகத?” என்னவென்று சிங்களத்தில் கேட்டான். “டாக்ஸ்,” என்றேன். நம்பவில்லை. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். இயக்கத்தின் கையில் இருக்கும் இந்தக் கரையிலிருந்து அரசாங்கத்துக்கு வரி கட்டப் போகிற பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

கணக்காளர் எழுத மறுத்தார். பேனையை வாங்கி நானே எழுதினேன்: ஷெல் விழுந்து எரிந்தது. அங்கிருந்து பஸ் பிடித்து நகரத்து அலுவலகத்துக்குப் போனோம். எழுதுவினைஞர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

“வாசிச்சிட்டுக் குத்துங்க.”

“உள்ளுக்கு வாசிப்பாங்க அம்மா.”

“நீங்களும் வாசிங்க.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. எழுதுவினைஞர் வாசித்தார். என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். அவளை மறைத்து நின்றேன். முத்திரை விழுந்தது. வெளியே படிகளில் இறங்கும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது துறையடியில் அவள் அடையாள அட்டையை நீட்டினாள். என் நெஞ்சு அடித்த அடி அந்தச் சிப்பாய்க்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவன் அட்டையைத் திருப்பித் தந்தான். அடுத்த வருஷம் ஒருவரையும் யோசிக்காமல் சித்திரையிலேயே கணக்கைக் கொடுத்தேன்.