முழங்கை வரை ஒரு கோட்டு

எங்கள் ஆபீஸ் வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. 'சிறந்த கிளை' என்று எழுதிய கேடயத்தை நடுவில் வைத்துக்கொண்டு, திருச்சிக் கிளைக்காரர்கள் அத்தனை பேரும் கோட்டும் சூட்டுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் நான் இல்லை. அதை எடுத்தவளே நான்தான்.

எங்களுடையது தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனி. புகார்களைக் கவனிப்பது என் வேலை. ஜீயபுரத்தில் வாழைக்குத் தண்ணீர் பாயும்போது மோட்டார் நின்றுவிட்டால், அந்த மனிதர் முதலில் மோட்டாரைத் திட்டுவார், அடுத்து போன் போட்டு என்னைத் திட்டுவார். வாங்கிக் கட்டிக்கொண்டு, மெக்கானிக்கை விரட்டி அனுப்பி, தண்ணீர் வந்துவிட்டதா என்று மறுபடியும் நானே கூப்பிட்டுக் கேட்பேன். இப்படித் திட்டு வாங்கித்தான் எங்கள் கிளைக்கு நல்ல பெயர் வந்தது, கேடயமும் வந்தது. அந்த விழாவுக்கென்றே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது நானும் போய் நின்றேன். எங்கள் மேனேஜரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அய்யோ, நீங்க புடவையில வந்துட்டீங்களே! நாங்க எல்லாம் ஃபார்மல்ஸ்ல இருக்கோம். செட் ஆகாதுங்க. நீங்களே எடுத்துடுங்களேன். உங்களுக்குத்தான் கை ஆடாது" என்று சொல்லிக்கொண்டே தன் போனை என் கையில் திணித்தாள்.

எடுத்தேன். கை ஆடவில்லை, வயிறுதான் எரிந்தது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமையானால் அவளும் புடவைதான் கட்டுவாள், கையில்லாத ஜாக்கெட்டோடு.

அதற்கப்புறம் தினமும் காலையில் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் கறுவிக்கொண்டே போவேன். அடுத்த விழா வரட்டும், கோட்டு போட்டுக்கொண்டு போய் நிற்கிறேன், போட்டோவிலிருந்து எவள் என்னை விலக்குகிறாள் பார்க்கிறேன் என்று. வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"திருச்சி வெயில்ல கோட்டா? ரங்கா, ரங்கா! என்னத்துக்கு இவ்வளவு ஆத்திரம்?"

"அந்தச் சுவத்துல நான் தொங்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"வாயைக் கழுவு முதல்ல" என்றார்.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு பெரிய ரெடிமேட் கடையில் கருநீலத்தில் கோட்டும் பேன்ட்டும் வாங்கினேன். எந்த ஊர்ப் பெண்ணை மனதில் வைத்துத் தைத்தார்களோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். தோள் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது. கை விரல் நுனியையும் தாண்டி வந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி கண்ணாடி முன்னால் நின்றேன். பேன்ட்டின் அடியை அவர்களே மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். கோட்டு என்றதும் அந்தக் கடைப் பெண் பின்வாங்கிவிட்டாள்.

"கோட்டெல்லாம் நாங்க தொடறதில்ல மேம். வெளியில நல்ல டெய்லராப் பாத்துக் குடுங்க."

நல்ல டெய்லர் என்றதும் எனக்கு உத்தர வீதிக்காரர் ஞாபகம்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவர். அவர் டேப்பைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. பழைய ஜாக்கெட்டில் நன்றாகப் பிடித்த ஒன்றை அளவு ஜாக்கெட் என்று கொடுத்துவிட வேண்டும். அதைப் புதுத் துணிமேல் விரித்து அப்படியே வெட்டிவிடுவார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு டெய்லர் கடைக்குப் போவதென்றாலே, துணியோடு அளவு ஜாக்கெட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போவதுதான். என் கையும் வழக்கப்படி போட்டுவிட்டது.

"தோளைப் புடிக்கணும், கையைக் குறைக்கணும்" என்றேன்.

அவர் மிஷினிலிருந்து நிமிரவில்லை. "அளவு ஜாக்கெட் இருக்குல்ல? வெச்சிட்டுப் போங்கம்மா. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

வியாழக்கிழமை போய் வாங்கிப் பிரித்தேன். தோள் அம்சமாக இருந்தது. கை முழங்கையோடு நின்றது. அரைக்கைக் கோட்டு!  நான் போட்ட சத்தத்தில் வீதியே திரும்பிப் பார்த்தது.

"என்னங்க இது? கோட்டுக்கு எவனாவது அரைக்கை வெப்பானா?"

"அளவுல எப்படி இருக்கோ அப்படித்தானேம்மா வெட்டுவேன்? நீங்க குடுத்த ஜாக்கெட்ல கை அவ்ளோதானே இருக்கு?"

"அது ஜாக்கெட்டுங்க! இது கோட்டு!"

"அளவு அளவுதாம்மா. வெயிலுக்கு இதுதான் நல்லா இருக்கும். போட்டுப் பாருங்க, அப்புறம் நீங்களே சொல்லுவீங்க."

மனுஷன் முகத்தில் ஒரு வருத்தமாவது தெரிய வேண்டுமே! கடைசி வரைக்கும் தப்பு என் ஜாக்கெட்டின் மேல்தான் என்று சாதித்தார். நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் வெட்டுத் துணிக் குவியலில் கையை விட்டுத் துழாவினேன். என் கோட்டின் கைகள் இரண்டும் பொத்தான்களோடு கிடைத்தன. உதறி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உமக்கு ஒரு நாள் இருக்கிறது ஐயா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அப்புறம் அலைந்தேன் பாருங்கள், அந்த அலைச்சலை என் எதிரிக்குக்கூட, இல்லை, என் எதிரிக்கு மட்டும் கொடுக்கலாம். கோட்டு தைக்கிறவர்கள் எல்லாம் ஆண்களுக்குத் தைக்கிறவர்கள். தில்லைநகரில் ஒருவர், "லேடீஸ் எடுக்கிறதில்லைங்க" என்று கண்ணாடிக் கதவைத் திறக்காமலே கையை ஆட்டினார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொருவர் வெட்டிய கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். கடைசியில் ஜீயபுரத்திலிருந்து போனில் திட்டுகிற ஒரு வாழைக்காரர்தான் வழி சொன்னார். அவர் மகன் கல்யாணக் கோட்டைப் பாலக்கரையில் ஒரு பாய் தைத்தாராம்.

அந்த மாஸ்டருக்கு வாய் நீளம், தலைக்கனம் அதைவிட நீளம். கோட்டைக் கையில் வாங்கியதுமே கத்தினார்.

"யா அல்லா! எந்தப் பாவிம்மா இப்படி வெட்டுனது? இவனையெல்லாம் கத்திரிக்கோலத் தொட விடலாமா? திருச்சியில கோட்டுன்னா என்னன்னு என்னை விட்டா எவனுக்கும் தெரியாதும்மா."

பாதியாவது பொய்யாக இருக்கும். இருந்தாலும் உத்தர வீதிக்காரரை அவர் திட்டத் திட்ட எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. இன்னும் கொஞ்சம் திட்டுங்க என்று கேட்காத குறை.

பெண்களுக்கு அவர் அளவு எடுப்பதில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி எனக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, டேப்பை வைத்து, அளவுகளைச் சத்தமாகச் சொல்ல, இந்தப் பக்கம் மாஸ்டர் எழுதிக்கொள்வார். எழுதும்போதே மனைவியோடு சண்டையும் போடுவார்.

"வலது தோளு எறக்கமா இருக்கு இவங்களுக்கு" என்றாள் அந்த அம்மாள்.

"டேப்பை நேராப் புடி. எல்லாருக்கும் எறக்கம்னுதான் சொல்லுவ நீ."

"நேராத்தான் புடிச்சிருக்கேன். போனைக் காதுல இடுக்கி இடுக்கி எறங்கிருச்சு போல. ஏம்மா, போன்லயே இருப்பீங்களா?"

ஆமாம் என்றேன். என் வேலையைப் பற்றி ஆபீஸில் யாரும் அவ்வளவு கண்டுகொண்டதில்லை.

"ஒட்டு தெரியுமா மாஸ்டர்?" என்று திரையைத் தாண்டிக் கேட்டேன்.

"தெரியத்தான் செய்யும். மறைக்கப் பாத்தா ஒட்டுன்னு தெரிஞ்சிரும். காட்டிட்டா டிசைன்னு நெனைச்சுக்குவாங்க. என்கிட்ட விட்டுடுங்க."

காட்டித்தான் விட்டார். வெட்டிய கைகளை மணிக்கட்டு அளவுக்குக் குறைத்துப் பழைய இடத்தில் சேர்த்து, முழங்கையில் ஒட்டு ஓடுகிற இடத்தில் கயிறு மாதிரி மெல்லிய சிவப்புப் பைப்பிங் வைத்தார். பாக்கெட் விளிம்பிலும் காலரிலும் அதே சிவப்பு. வலது தோளுக்குள் மட்டும் கூடக் கொஞ்சம் பஞ்சு. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

விழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன். வேர்த்துக் கொட்டியது, கொட்டட்டும். மேனேஜரம்மா என் மேஜையை இரண்டு தடவை சுற்றி வந்தாள். மூன்றாவது தடவை நின்றேவிட்டாள்.

"நல்லா இருக்கே! எங்க வாங்குனீங்க?"

"ரெடிமேட்தான் மேடம். ஆல்டர் பண்ணேன்."

"பழைய கோட்டு பத்தாமப் போச்சுன்னு நானும் விழாவுக்கு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், நல்ல பிராண்ட். தோளும் கையும் லூஸா இருக்கு. உங்க டெய்லர் யாருங்க?"

பாலக்கரை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் அந்தப் போட்டோ தெரிந்தது.

"ஸ்ரீரங்கத்துல உத்தர வீதி மேடம். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முதல்ல என் கோட்டுல கை வெச்சவர் அவர்தான். அளவு ஜாக்கெட் மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."

"கோட்டுக்கு ஜாக்கெட் எதுக்கு? அளவு எடுக்க மாட்டாரா?"

"டேப்பையே தொட மாட்டார் மேடம். அவ்வளவு அனுபவம். உங்களுக்கு ரொம்ப நல்லாப் புடிச்ச ஜாக்கெட்டாப் பாத்துக் குடுங்க."

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? இல்லவே இல்லை. எடமலைப்பட்டி புதூர் வீட்டிலிருந்து அவள் காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதாக அவள் டிரைவர் சொன்னபோது எனக்குச் சாப்பாடு கூடக் கொஞ்சம் இறங்கியது.

விழாவுக்கு முந்தின வாரம், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு உத்தர வீதிக்குப் போனேன். அவரே ஆரம்பித்தார்.

"நீங்க அனுப்புன அம்மா வந்தாங்க. கோட்டு நல்ல துணிம்மா. ஆனா பாருங்க, அவங்க அளவு ஜாக்கெட்ல கையே இல்ல. எனக்கென்ன, கோட்டுக் கையையும் எடுத்துட்டேன். வந்து பாத்துட்டு, உங்களுக்கு மேல சத்தம் போட்டாங்க."

அங்கேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த சந்தோஷத்தில் அந்தத் துணியைத் தைக்கவும் கொடுத்துவிட்டு வந்தேன்.

விழா கன்டோன்மென்ட்டில் ஒரு ஹோட்டலில் நடந்தது. மேனேஜரம்மா பட்டுப்புடவையில் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தாள், என் முழங்கைச் சிவப்பைப் பார்த்தாள், என்னவோ புரிந்துவிட்டது.  இந்த முறையும் எங்கள் கிளைக்குத்தான் கேடயம். தலைமை ஆபீஸிலிருந்து வந்த பெரியவர் புகார்களைத் தீர்ப்பதைப் பற்றிப் பேசி, என்னை மேடைக்குக் கூப்பிட்டு என் கையில்தான் அதைக் கொடுத்தார். கீழே இறங்கியதும் எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள். மேனேஜரம்மாவும் வந்தாள்.

நான் காத்திருந்த நிமிஷம் அதுதான். இத்தனை மாதமாய்க் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம்.

"அய்யோ மேடம், நீங்க புடவையில வந்துட்டீங்களே! நாங்க எல்லாம் ஃபார்மல்ஸ்ல இருக்கோம். செட் ஆகாதே. நீங்களே எடுத்துடுங்களேன், உங்க போன்ல நல்லா விழும்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் காது சிவந்தது. போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நான் நடுவில் நிற்கவில்லை. நடுவில் நின்றால் கோட்டின் பாதி மற்றவர்களுக்குப் பின்னால் போய்விடும். முழுசாகத் தெரியட்டும் என்று வரிசையின் ஓரத்தில் நின்று, கேடயத்தை ஒரு கையால் எல்லோருக்கும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் நிதானமாக, திருப்பித் திருப்பி எடுத்தாள். கடைசியில் புன்னகை வேறு செய்தாள். தோற்றுப்போய் அசடு வழிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வாரம் ஆபீஸுக்குள் நுழைந்தபோது பழைய போட்டோவைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதே இடத்தில் புதுசு, அதைவிடப் பெரிய சட்டத்தில். எல்லோரும் இருந்தார்கள். கேடயம் இருந்தது, எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி. ஓரத்திலிருந்து நீண்டு அதைப் பிடித்திருக்கும் கை ஒன்று இருந்தது. சிவப்புப் பைப்பிங் தொடங்குகிற இடத்தில், சரியாக முழங்கையோடு படம் முடிந்துவிட்டது. மனுஷிக்குக் கை ஆடவே இல்லை.

அன்று மத்தியானம், பாலக்கரைக்கு வழி சொன்ன ஜீயபுரத்து வாழைக்காரர் நேரிலேயே திட்ட வந்துவிட்டார். திட்டி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க, உங்களை மட்டும் காணோமே. ஆமா, யாரு கைங்க அது, தனியா?"

மேனேஜரம்மாவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் காதில் விழட்டும் என்று நன்றாக உரக்கவே சொன்னேன்.

"என் கைதாங்க அது. மீதி ஆளை வெட்டினவங்க உள்ளதான் இருக்காங்க. உங்க மோட்டார் புகாரை இனிமே அவங்ககிட்டயே சொல்லுங்க."