சீடிக்கு வெச்ச பொட்டு

சீடிக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு எனக்குத் தெரியாது. பேர் அச்சடிச்சிருக்கிற பக்கம் முதுகு, பளபளன்னு மினுக்குற பக்கம் மூஞ்சின்னு இத்தன வயசு வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தேன். அதனால போன ஆயுத பூஜ அன்னிக்கு பைக்கு, மிக்சி, ஸ்பேனர் செட்டுக்கெல்லாம் வெச்ச கையோட, எங்க பழைய கேம் சீடிக்கும் சந்தனம் கொழச்சி, நடுவுல குங்குமம் அமுக்கி, மினுக்குற மூஞ்சியிலியே பொட்டு வெச்சேன். காயவிட்டு பத்திரமா டப்பாவுல போட்டு மூடியும் வெச்சேன். இத்தனைக்கும் ஆந்திராவுல, ஸ்ரீ சிட்டியில ஒரு ஃபேக்டரியில மிஷின் ரிப்பேர் பண்றதுதான் எனக்கு வேல.

அது ஒரு பழைய விண்டோஸ் கேம். நாமளே ஒரு ஆள உருவாக்கி, பேரு வெச்சி, ஊர் ஊரா சுத்தி, கத்தி கவசம் சேத்து, கடைசியில ஒரு குகைக்குள்ள போய் மந்திரவாதிய கொல்லணும். கல்யாணம் ஆன புதுசுல, திருப்பதியில ஒத்த ரூம்ல வாடகைக்கு இருந்தப்ப, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கம்ப்யூட்டரோட வந்துது. நான் ஆடினா மொத பாலத்துலியே செத்துடுவேன். ஆடினதெல்லாம் எம் பொண்டாட்டி. குகை வாசல் வரைக்கும் போயிட்டா. அப்ப, இப்ப ஹாஸ்டல்ல இருக்கிற பையன் வயித்துல வந்தான், ஆட்டம் அங்கியே நின்னுது. ஆனா எத்தன கம்ப்யூட்டர் மாத்தினாலும், அவ சேவ் பண்ணின ஃபைல மட்டும் விடமாட்டா.

இந்த கம்ப்யூட்டரும் போன வருஷம் ஊர ஆரம்பிச்சிது. ஃபேக்டரி பஸ்ல பக்கத்து சீட்டுல வர்றவரு, விண்டோஸ தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க, பறக்கும்னாரு. போட்டேன். பறந்துது. கூடவே விண்டோஸும் பறந்துது, கேமும் பறந்துது. அவ ஃபைலு மட்டும் பென்டிரைவுல தப்பிச்சிது. என்ன நம்பாம அவளே காப்பி எடுத்து வெச்சிக்கினு இருந்தா.

அதுக்கப்புறம்தான் அவளுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர நாளாவும், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க பயப்படாதீங்கன்னு சொல்ற வரைக்கும் நாங்க பயப்படல.

வீட்டுக்கு வந்து படுத்தா. டிவி வேணாம், ஃபோன் வேணாம். நான் வெச்ச ரசத்த ஒரு வார்த்த சொல்லாம துன்னா. நல்லா இருக்கிற நாளா இருந்தா தட்டு பறந்திருக்கும். ரெண்டு நாள் போனதும் செவுத்த பாத்துக்கினே சொன்னா.

"மாமா, சும்மா படுத்துக்கினு இருந்தா நெனப்பு அங்கியே போவுது. அந்த கேம போட்டுக் குடேன்."

ஃபேக்டரிக்கு லீவு சொன்னேன். கம்ப்யூட்டர கட்டில் பக்கம் நவுத்தி, ஸ்கிரீன அவ பாக்கற மாதிரி திருப்பி வெச்சேன். லினக்ஸ்ல விண்டோஸ் கேம் ஓட்றதுக்கு 'வைன்'னு ஒரு சாஃப்ட்வேர் கீது. அதப் போட்டு, சீடிய உள்ள தள்ளினேன். இன்ஸ்டால் பாதி வரைக்கும் ஓடிச்சி. அப்புறம் டிரைவு கர்ருன்னு இழுத்துது. நின்னுபோச்சி. மறுபடி போட்டேன், மறுபடி அங்கியே நின்னுது. பாட்டு சீடி போட்டா ஜம்முன்னு பாடுது. அப்ப டிரைவு நல்லாதான் கீது, கோளாறு லினக்ஸ்லதான்னு தீர்ப்பு எழுதிட்டேன். ஃபேக்டரியில எந்த மிஷின் நின்னாலும், மொதல்ல தொடச்சி பாருங்கப்பான்னு கத்தற ஆளு நான்.

இன்டர்நெட்ல லினக்ஸ்காரங்க கூடற எடம் ஒண்ணு கீது. அங்க போய் என் இங்கிலீஷ்ல அழுதேன். ஒருத்தரு எந்த ஊரோ தெரியாது, பேருக்கு பக்கத்துல ஒரு பூன படம் வெச்சிருந்தாரு. அவருதான் பதில் போட்டாரு. இத டைப் பண்ணு, அத மாத்துன்னாரு. அவரு ஒண்ண அடிக்கச் சொன்னா நான் வேற ஒண்ண அடிச்சேன். ஒரு தடவ கம்ப்யூட்டர் முழுசா இருட்டாயிடுச்சி. நான் எழுதறத படிக்கிறியா இல்லியான்னு பூனக்காரரு கேட்டாரு. அவரு திட்றத நான் தமிழ் பாதி தெலுங்கு பாதியா, கொஞ்சம் மசாலா சேத்து இவளுக்குப் படிச்சி காட்டுவேன். இவ தலகாணிய வயித்துல அமுக்கிப் புடிச்சிக்கினு, சிரிக்க வெக்காத மாமா, தையல் இழுக்குதும்பா.

அப்புறம் காலையில கண்ணு முழிச்சதும் அதான் மொத கேள்வி.

"பூனக்காரன் இன்னா சொன்னான்?"

ரிசல்ட் அன்னிக்கு காலையில மட்டும் கேக்கல. ஆட்டோவுல ஆஸ்பத்திரி போனோம். டாக்டரம்மா பேப்பர பாத்து, "ஏமி லேதம்மா, அந்தா க்ளீன்"னாங்க. ஒண்ணும் இல்லியாம், எல்லாம் க்ளீனாம். வெளிய வந்து பெஞ்சில உக்காந்தோம். டீ வாங்கியாரட்டுமான்னு கேட்டேன். அவ மூக்க சிந்திட்டு, மொதல்ல ஃபோன்ல பூனக்காரன் பதில் வந்துகீதா பாருன்னா.

வந்திருந்துது. சீடிய ரெண்டு பக்கமும் போட்டோ புடிச்சி அனுப்புன்னு கேட்டிருந்தாரு.

வீட்டுக்கு வந்து சீடிய வெளிய எடுத்து மொத பக்கத்த போட்டோ புடிச்சேன். அடுத்த பக்கத்துக்காக திருப்பினேன். கட்டில்லேந்து இவதான் மொதல்ல பாத்தா.

"இன்னா மாமா அது, குங்குமமா?"

போட்டோவ அனுப்பினேன். அது இன்னா கறைன்னு பூனக்காரரு கேட்டாரு. எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு வாட்டி சாமான் செட்டுக்கு மரியாத செய்வோம்னு விளக்கமா எழுதினேன். அப்புறம் ஒத்த வரி வந்துது. மரியாதைய இனிமே அடுத்த பக்கத்துல செய்யுங்க, ஐயா. அத படிச்சி காட்டினப்ப இவ சிரிச்ச சிரிப்புல தையல் பிரிஞ்சிடுமோன்னு எனக்கு பயம் வந்துடுச்சி.

டிரைவு படிக்கிற அந்த மினுக்குற பக்கத்த ஈரப் பஞ்சால அவளே தொடச்சிக் குடுத்தா. இன்ஸ்டால் நிக்காம ஓடி முடிஞ்சிது. பென்டிரைவுல இருந்த ஃபைல போட்டா, அவ ஆளு அதே குகை வாசல்ல, கையில தீப்பந்தத்தோட நின்னுக்கினு இருந்தான். உள்ள போனா. மந்திரவாதி ஒண்ணும் பெரிய ஆளா இல்ல, டீ ஆறதுக்குள்ள செத்துட்டான். இங்கிலீஷ்ல நாலு வரி ஓடிச்சி. அவ்ளோதான். அவ கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டா.

மறுநாள் எழுந்து உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கினு இருந்தா. ஒரு பாராட்டாவது வரும்னு நான் எதிர்லியே சுத்தி சுத்தி வந்தேன். வரல. கடைசியில நானே கேட்டேன். இவ்ளோ பாடுபட்டு ஓட வெச்சேனே, கேம் எப்பிடி இருந்துச்சின்னு.

அவ தலைய தூக்கல.

"கேம் சப்புன்னு கீது மாமா. நீ திருதிருன்னு முழிச்சதுதான் பாக்க நல்லா இருந்துச்சி."