முச்சந்தியில் வைத்த பெயர்

என் தம்பிக்கு இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயரால்தான் அவனுடைய மனைவி, பிள்ளைகள், வேலை செய்யும் இடத்துச் சுவிஸ்காரர் எல்லோரும் அவனைக் கூப்பிடுகிறார்கள். முதல் பெயரை வீட்டில் நாங்கள் வாயால் சொல்வதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். முருகன் திருப்பித் தந்த பிள்ளை அவன். அதில் நான் ஏன் கை வைக்கவேண்டும்?

எண்பதுகளில் நாங்கள் சூரிச்சில், வீடிக்கோன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். கீழ்வீட்டில் ஒரு யூதப் பெரியவர் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அவருடைய வீட்டைத் துப்புரவாக்கப் போவார். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, படித்ததால் அம்மாவுக்கு நான்தான் வாய்.

அம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு வேறொரு பாத்திரம் என்று பிரித்து வைத்திருந்தார். "மனிசன் ஆசாரமான ஆள்" என்று அம்மா அப்பாவிடம் சொல்வார். கடவுளைப் பற்றிக் கதைக்கும்போது அவர் 'அந்தப் பெயர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்பாவின் பெயரைச் சொல்லாமல் "இஞ்சருங்கோ" என்றே காலம் தள்ளிய அம்மாவுக்கு இது பெரிய திருப்தி. "பெரியாக்களின்ரை பெயரை வாயிலை எடுக்கக் கூடாதெண்டு அவைக்கும் தெரிஞ்சிருக்குது பாத்தியே."

ஒருநாள் அம்மா கேட்டார். "ஐயா முந்தி என்ன வேலை பாத்தவராம்?"

பல்கலைக்கழகத்தில் படிப்பித்தாராம். இப்போதும் புத்தகம் எழுதுகிறாராம். எதைப் பற்றி என்று கேட்டதற்குச் சொன்னார். "நீ இங்கே நின்று உன் அப்பாவின் பெயரைச் சொல்கிறாய். அவர் எங்கேயோ கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சொல் எப்படிப் பிசகாமல் போய் அவரைத் தொடுகிறது?" முதலில் ஒருவர் பெயர் வைக்கிறார், அவரிடமிருந்து அடுத்தவர் வாங்குகிறார், இப்படிக் கைமாறி வருகிறது. யார் கையில் இருந்தாலும், ஒரு கயிறுபோல, அதன் மறுநுனி அந்த ஆளிலேயே கட்டியிருக்கும் என்றார்.

"உதுக்கும் சம்பளம் குடுத்தவையோ?" என்றார் அம்மா. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது, சிரித்தார்.

அந்தக் கார்த்திகையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆசுப்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டொக்டர்மார் "பொறுத்திருந்து பார்ப்போம்" என்பதற்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நாள் முழுக்கப் பனிப்புகார். எதிர்வீடு தெரியாது, ட்ராம் வரும் சத்தம் மட்டும் கேட்கும்.

வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று அம்மா அந்த வெள்ளியும் கீழே போனார். கண்ணாடி துடைத்தபடி அழுதார். பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவை இருத்தினார். பிறகு மெல்லச் சொன்னார். தங்கள் ஆட்களில் ஒருவர் சாகக் கிடந்தால் புதிதாக ஒரு பெயர் சூட்டிப் பிரார்த்திப்பார்களாம். உயிரை எடுக்க வருகிற தூதன் பழைய பெயரைச் சொல்லித் தேடுவான், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று போய்விடுவான் என்று பழைய ஆட்கள் நம்பினார்களாம்.

அம்மா உடனே எழும்பிவிட்டார்.

"பிள்ளை, நில்லுங்கோ எண்டு அம்மாவுக்குச் சொல்லு" என்பதுபோல் அவர் என் கையைப் பிடித்தார். "பழைய பெயரைக் கழற்றி வெளியே விடக் கூடாது. புதியதை அதன் பக்கத்தில் சேர்க்கவேண்டும். அதைக் கட்டாயம் சொல்."

நான் சொன்னேன். அம்மா கேட்டார், ஆனால் கேட்கவில்லை. "பக்கத்திலை வைச்சால் கண்டுபிடிச்சிடுவான் எல்லே. கழிக்கிறதெண்டால் முழுசாக் கழிக்கவேணும்."

அன்று மாலை, அலுமாரித் தட்டில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால், முருகனுடைய பெயர்களில் ஒன்றைத் தம்பிக்கு வைத்தார்கள். பிறகு அம்மா ஒரு எலுமிச்சங்காயில், நாங்கள் தேசிக்காய் என்போம், குங்குமம் தொட்டு, தம்பியின் சட்டையை அதனால் சுற்றி, அவனுடைய பழைய பெயரைக் கடைசித் தடவையாகத் தேசிக்காயிடம் சொன்னார். நாவூறு, கண்ணூறு கழிப்பது போலத்தான். கழித்ததை எங்காவது வைக்கவேண்டுமல்லவா. அப்பா அதைக் கொண்டுபோய் ட்ராம் திரும்பும் முச்சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்து கால் கழுவினார்.

அதன் பிறகு வீட்டில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பெயர் வாயில் வரும், பல்லைக் கடிப்போம். சனிக்கிழமை ஆசுப்பத்திரியில், தம்பியின் கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்த பெயர்மேல் அம்மா தன் லேஞ்சித் துணியைப் போட்டு மூடினார். நேர்ஸ் அதை எடுத்து அழகாக மடித்து மேசையில் வைத்தாள். அம்மா திரும்பவும் மூடினார். நேர்ஸ் தம்பியின் காதடியில் குனிந்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் அசையவில்லை. வாசல் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இருக்கவே நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஞாயிறு காலை ஆசுப்பத்திரிக்குப் போகக் கதவைத் திறந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். கதவின் கைபிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது. உள்ளே தேசிக்காய். குங்குமம் அழியாமல் இருந்தது.

"திரும்பி வந்திட்டுது" என்றார் அம்மா.

"விசர்க்கதை கதையாதை. ஆரும் சின்னப் பெடியள்..." அப்பா முடிக்கவில்லை. தேசிக்காய் எங்கள் வீடு தேடி வரவேண்டிய காரணம் அவருக்கும் தெரியவில்லை. அதைத் தொட ஒருவரும் துணியவில்லை. தாண்டிப் போகவும் முடியவில்லை. போனால் அதுவும் கூடவே ஆசுப்பத்திரிக்கு வரும் என்று அம்மா வாசலிலேயே குந்திவிட்டார். அங்கே தம்பி தனியே கிடந்தான்.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. எங்கள் சத்தம் கேட்டுப் பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். முகத்தில் உதவி செய்த சந்தோசம். ட்ராம் நிற்கும் இடத்தில், யாரோ அதை எடுத்துச் சுவரின்மேல் வைத்திருந்தார்களாம், தொலைத்தவர் கண்டு எடுக்கட்டும் என்று. சுவிஸில் ஒரு கையுறை விழுந்தாலும் அப்படித்தானே செய்வார்கள். நேற்று அவருக்கு ஓய்வு நாள், வீதியில் ஒன்றும் தூக்கக் கூடாது. அதனால் கண்டும் விட்டுவிட்டு, இன்று விடியவே போய் எடுத்து வந்து எங்கள் கதவில் மாட்டிவிட்டாராம். "இந்தத் தெருவில் இந்தக் காய் உங்கள் வீட்டில்தானே இருக்கும்?"

அம்மா ஒப்பாரி போலச் சொன்னதெல்லாவற்றையும் நான் டொச்சில் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவருடைய முகம் சுவர் போல வெளுத்தது.

பிறகு பையைக் கழற்றித் தேசிக்காயைக் கையில் எடுத்தார். "எடுத்தது நான். என்னிடமே இருக்கட்டும்."

"வேண்டாம் ஐயா! ஐயோ, வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அது ஆரிட்டை இருக்குதோ அவரைத்தான்..."

சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடும்படி சொன்னார். பெயர் கையில் கொடுக்கப்படவேண்டுமாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு" என்றார்.

நான் தம்பியின் பெயரைச் சொல்லி அந்தத் தாடிக்காரப் பெரியவரைக் கூப்பிட்டேன்.

அவர் நேராக நிமிர்ந்து, டொச்சில்லாத வேறொரு பாசையில் ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு எனக்காக டொச்சிலும் சொன்னார்: "இங்கே நிற்கிறேன்."

அம்மாவும் அப்பாவும் படியால் இறங்கி ஓடினார்கள். நான் படியிலேயே நின்றேன். கீழே அவருடைய கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து அவர் ஒரு பெயரைக் கூப்பிடுவது கேட்டது. தம்பியின் பெயர் நீளம், இது குட்டையாகக் கேட்டது. சாத்திய கதவு, சத்தம் தேய்ந்து வருகிறது என்று நினைத்தேன். அவர் கூப்பிட்டார். உள்ளே யாரோ பதில் சொன்னார்கள். படியில் சொன்ன அதே சொல். ஆனால் அந்தக் குரல் கிழவருடையது அல்ல.

நான் முருகா முருகா என்றபடி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அன்று பின்னேரம் தம்பி கண் திறந்து தண்ணீர் கேட்டான். மருந்து வேலை செய்தது என்றார்கள் டொக்டர்மார். முருகன் என்றார் அம்மா. நானும் அப்படித்தான் சொல்வேன்.

பெரியவருக்கு ஒன்றும் வரவில்லை. பல வருடம் இருந்தார். தேசிக்காய் அவருடைய புத்தகத் தட்டில் கறுத்து, கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. அம்மா அதைச் சுற்றித் தூசு தட்டுவாரே தவிரத் தொடமாட்டார். ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் விளக்கில் அவருக்கென்று ஒரு திரி கூடப் போடுவார். சாவைக் கையில் வாங்கி வைத்திருக்கிற மனிதர், பயமில்லாதவர் என்று நான் அவரை நினைத்தேன்.

அவர் காலமான பிறகு வீட்டை ஒழிக்க அவருடைய தங்கையின் மகள் வந்தார். நானும் அம்மாவும் உதவிக்குப் போனோம். தட்டில் இருந்ததைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்மணி கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

யுத்தகாலத்தில், வேறொரு நாட்டில், அவருடைய மாமா, எங்கள் பெரியவர், சிறுவனாகச் சாகக் கிடந்தாராம். தாய் புதுப்பெயர் வைத்து, பழைய பெயருக்கு வாய் திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினாளாம். காய்ச்சல் மாறியது. அடுத்த கிழமை யூதரைப் பிடித்துக்கொண்டு போகிற ஆட்கள் வந்து வீட்டு வாசலில் பெயர் கூப்பிட்டார்கள். பழைய பெயர். மாமா சத்தியத்தைக் காத்துக் கட்டிலுக்குக் கீழே பேசாமல் கிடந்தார். மாமாவின் தம்பி மிகச் சின்னவன். பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடுவதுபோல நினைத்தானோ என்னவோ, அண்ணன் பதில் சொல்லவில்லையே என்று, "இங்கே நிற்கிறேன்" என்று வாசலுக்கு ஓடிப்போனானாம். அவனைத்தான் கொண்டுபோனார்களாம்.

"அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். குட்டைப் பெயர்.

அம்மா எழும்பிப்போய்த் தேசிக்காயைக் கையில் எடுத்தார். அவர் அதைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். இப்போது அது எங்கள் முருகன் படத்தடியில் இருக்கிறது.

அன்றைக்கு நான் படியில் நின்று கேட்ட குரலைப் பற்றி மட்டும் அந்தப் பெண்மணியிடம் சொல்லவில்லை. அது ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.