சூடான டீயும் மூன்று கேள்விகளும்

என் அக்கா தபித்தாளின் புருஷன் தேவநேசன். எனக்கு மாமா. சர்ச்சில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தோமா. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று கூட இருந்தவர்களே சொல்லியும், காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாரே, அந்தத் தோமா. எங்கள் மாமா விரலை விட்ட பிறகும் "இது பழைய காயமா, புதுக் காயமா" என்று கேட்பார் என்று ஆயரே கேலி செய்வார்.

எஸ்டேட்டில் முப்பது வருஷம் வாட்ச்மேன். தேயிலை திருட வருகிறவன், விறகு வெட்ட வருகிறவன், குறுக்கு வழியில் சும்மா போகிறவன், எல்லாருக்கும் அதே மூன்று கேள்விதான்: யாரு? எங்கிருந்து? எதுக்கு? வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். கேள்விகள் ஆகவில்லை. பால்காரன் முகத்துக்கு நேராகவே பாலை முகர்ந்து பார்ப்பார். மகள் ஷைனாவுக்குப் பார்த்த பையனைப் பற்றி விசாரிக்க அவன் ஊருக்கே போய் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டார். அந்தக் கடைக்காரன் பையனைப் புகழ்ந்து தள்ளிவிட்டான். அதனாலேயே சந்தேகம் வந்து, அடுத்த தெரு சலூனுக்குப் போய் ஷேவிங்கும் செய்துகொண்டு வந்தார்.

கீழ் கோத்தகிரிக்குக் கீழே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் எங்கள் மூன்று வீடுகள். மேலே மாமாவுடையது, நடுவில் மகாலட்சுமி அக்காவுடையது, கீழே என்னுடையது. அதற்கப்பால் டக்ளஸின் தேயிலைத் தோட்டம். அதன் ஓரமாகவே நடந்தால் ரிசர்வ் காடு. டக்ளஸ் தோட்டத்து மூலையில் ஓர் ஊற்று இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றாது. எங்கள் சரிவில் வேறு குழாய் கிடையாது. அந்த ஊற்றிலிருந்து ஹோஸ் இழுத்துத்தான் மூன்று வீட்டுக்கும் சோறு, குளியல் எல்லாம். டக்ளஸ் திருப்பூருக்குக் குடிபோகும்போது "எடுத்துக்கோங்கண்ணா, தண்ணிதானே" என்று வாயால் சொன்னதுதான் எங்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம். அதை நினைத்துத்தான் மாமாவுக்குத் தூக்கம் வராது.

இந்த நிலைமையில்தான் காட்டுக்குள் நடந்து போய் வெள்ளைப்பாறையைப் பார்த்துவர வனத்துறை பொதுஜனங்களுக்கு அனுமதி கொடுத்தது. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு சனி, ஞாயிறுகளில் வந்தார்கள். காடு எல்லாருக்கும் பொதுதானே, நாலு பேர் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்குச் சந்தோஷம்தான். மாமாவுக்கு அப்படி இல்லை.

"ஏன் மாப்பிள்ளை, மரத்தைப் பாக்கறதுக்கா கோயமுத்தூர்ல இருந்தும் மெட்ராஸ்ல இருந்தும் வர்றானுக? அவனுக ஊர்ல மரமே இல்லியா? எல்லாம் இந்த ஊத்து மேலதான் கண்ணு. ரிசார்ட்டுக்கு எடம் பாக்க வர்றானுக."

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா. படிக்கிற பிள்ளைக அதுக."

"படிக்கிற புள்ளைக்கு எதுக்குக் கையில குச்சி? பாதையை அளக்குதுக."

ஆனால் நடக்கிறவனை நிறுத்திக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். வாட்ச்மேன் மூளை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. வாசலில் அடுப்பை மூட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பால் விடாத கட்டன் டீ கொடுக்க ஆரம்பித்தார். கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுப்பார். கையில் கண்ணாடி டம்ளரோடு எவனும் ஓட முடியாதில்லையா? அது ஆறுவதற்குள் பேர், ஊர், தொழில், தாத்தா பேர் வரை கறந்துவிடுவார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி போயிருமேன்னு பயந்துக்கிட்டு, இருக்கற தண்ணிய எல்லாம் டீயாப் போட்டு ஊத்தறாரு இந்த மனுசன்!"

கூத்து என்னவென்றால், வந்தவர்கள் உருகிப் போனார்கள். எங்கேயும் காணாத அன்பாம், பாசமாம். "மலையில் ஒரு நல்ல மனிதர்" என்று படம் பிடித்துப் போட்டிருந்ததை ஷைனா போனில் காட்டினாள். அதில் மாமா டம்ளரை நீட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒருத்தனை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே நூறு பேர் கும்பிட்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டு மடங்கு கூட்டம். இவருக்கு இரண்டு மடங்கு சந்தேகம்.

அப்படி ஒரு கூட்டத்தோடு வந்தவர்தான் ஜெனிஸ். நாற்பது வயது இருக்கும். முழங்கால் வலி என்று கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வேலை பார்க்கும் ஃபேக்டரிக்கு அன்று லீவு, பக்கத்தில்தான் நின்றேன். மாமா டம்ளரை நீட்டினார். வாங்கிய ஆள் குடிக்கவில்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, அந்த டீக்காகவும் அதைக் கொடுத்த கைக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

முப்பது வருஷத்தில் மாமா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஜெனிஸ்தான். "தண்ணி நல்லா இருக்குங்களே ஐயா, எங்கிருந்து வருது?" அவ்வளவுதான் கேட்டார். மாமா அவர் கையைப் பிடித்து ஊற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். எதிலிருந்து எது வரை டக்ளஸ் இடம், அவன் திருப்பூரில் எங்கே இருக்கிறான், பத்து வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் கொட்டினார். நான் மெதுவாகச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரு மாப்பிள்ளை, நம்ம ஜனம்" என்று என்னை அடக்கினார்.

"இது ஒண்ணுதாங்க எங்க உசிரு. யாரும் வந்து புடுங்கிராம இருக்கோணும்னு ஒரு ஜெபம் பண்ணுங்க தம்பி" என்றார் கடைசியில். ஜெனிஸ் ஊற்றில் கையை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று வீட்டுக்கும் சேர்த்து நன்றாகவே ஜெபம் பண்ணினார். மாமா சத்தமாக ஆமென் சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் டக்ளஸ் தோட்டத்தில் எல்லைக் கல் நட்டார்கள். பிறகு ஜேசிபி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது; திருப்பூருக்குப் போனைப் போட்டேன். நான் கேட்டுச் சொன்னால் நம்ப மாட்டேன் என்று மாமா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"என்னண்ணா இப்படி வித்துட்டீங்க? ஒரு வார்த்தை எங்களைக் கேக்கக் கூடாதா? வாங்கினவன் யாரு என்னன்னாவது விசாரிச்சீங்களா?"

"எதுக்குப்பா விசாரிக்கறது?" டக்ளஸின் குரலில் நிஜமாகவே ஆச்சரியம். "ஜெனிஸை தேவநேசன் அண்ணன்தானே அனுப்பினாரு? அண்ணன் டீ குடுத்து, கையைப் புடிச்சு ஊத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஜெபம் பண்ணச் சொன்னாராமே. பெத்த புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க ரெண்டு சலூன் ஏறி எறங்கின மனுசன். அவரே நம்பின ஆளை நான் போயி சந்தேகப்படறதா?"

ஜெனிஸ் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மாமா எழுந்து போய், வாசல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயைத் தரையில் கவிழ்த்தார்.

இப்போது அங்கே ரிசார்ட் நிற்கிறது. தோட்டத்தோரப் பாதையில் பெரிய இரும்பு கேட். காடு என்னவோ எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது, அதற்குப் போகிற வழியைத்தான் பூட்டிவிட்டார்கள். ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் மட்டும் வெள்ளைப்பாறைக்கு நடக்கிறார்கள். சனிக்கிழமைப் பிள்ளைகள் வருவதில்லை. எங்கள் ஹோஸை அறுத்துவிட்டார்கள். போய்க் கெஞ்சிய பிறகு, காலையில் வீட்டுக்கு ஒருவர் குடத்தோடு உள்ளே வரலாம் என்று இரக்கப்பட்டார்கள்.

மாமா வீட்டிலிருந்து அவரேதான் போகிறார், அக்காவை விடுவதில்லை. கேட்டில் காக்கிச் சட்டையோடு ஒரு வாட்ச்மேன். மாமாவின் முகம் அவனுக்கு இதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனாலும் தினமும் மறித்து நிறுத்துகிறான்.

"யாருங்க?"

"தேவநேசன்."

"எங்கிருந்து வர்றீங்க?"

"மேல் ஊடு."

"எதுக்கு?"

"தண்ணிக்கு."

நேற்று நானும் குடத்தோடு பின்னால் நின்றேன். அவன் கேட்டதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். குடத்தை நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

"அவனை ஒண்ணும் சொல்லாத மாப்பிள்ளை. நல்ல வாட்ச்மேன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "டீ மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேங்கறான். அந்தப் புத்தி எனக்கு இல்லாமப் போச்சு" என்றார்.