கல்யாணப் பந்தல்ல மொதப் பாட்டு எது?

எங்க தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம். செந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ செட்டு கட்டப் போயிருந்தேன்.

பொண்ணு வூட்டுக்கு ஒரு நடிகர்னா உசுரு. மாப்ள வூட்டுக்கு அவரைக் கண்டாலே ஆகாது, இன்னொரு நடிகர்தான்.

"எங்காளு பாட்டுதான் மொதல்ல" என்றார் பொண்ணோட அப்பா.

"அந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா எங்க பையன் மணையில ஒக்கார மாட்டான்" என்றார் மாப்ளையோட மாமா.

ரெண்டு பக்கமும் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாங்க. எல்லாரும் என் கையையே பாக்குறாங்க.

மாலையோட பொண்ணே வெளிய வந்துச்சு. "அண்ணே, பொட்டியில கைக்கு வந்த பாட்டுத் தட்டைப் போடுங்க. எதுவானாலும் ரெண்டு வூட்டாரும் கேட்டுக்கட்டும்."

எனக்கு எழுத்து தெரியாது, இதைக்கூட பேத்திதான் அடிச்சுத் தர்றா. ஒரு தட்டை எடுத்து ஊசிய வச்சேன். கொழா ஸ்பீக்கர்ல தாலாட்டு கெளம்பிடுச்சு!

ஊசிய எடுக்கக் கை நீட்டுனேன்.

"தாலியே ஏறல, அதுக்குள்ள என்னய்யா அவசரம்?"னு ஒரு கெழவி கேட்டா பாருங்க, மொதல்ல சிரிச்சது அந்த மாமாதான்.

இன்னைக்கு அரியலூர் பஸ்ஸுல பக்கத்து சீட்டு அம்மா, "அண்ணே, என் பேரன் கல்யாணத்துக்கு என்ன பாட்டு போடலாம்?"னு கேக்குது. நீங்களே சொல்லுங்க. அந்தப் பந்தல்ல நின்னவங்கள்ல என்னை விட்டா இப்ப உசுரோட இருக்கிறது அந்தக் கல்யாணப் பொண்ணு, செல்லக்கண்ணு ஒருத்திதான். பக்கத்து சீட்டுல ஒக்காந்து கேக்குறதும் அதுதான்.